மலையிலிருந்து ட்ராக்குக்கு இறங்கும் முன்: டயரில் செய்யக் கூடாத தவறுகள்

கோத்தகிரியில் என் பைக் பட்டறைக்கு வரும் பையன்களில் வருடத்துக்கு நாலைந்து பேராவது, "அண்ணா, செட்டிபாளையம் போறேன், வண்டியை ரெடி பண்ணிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் நீலகிரிக்காரர்களுக்குப் பக்கத்து ரேஸ் ட்ராக். ஒரு சுற்று 2.1 கி.மீ. வளைவில் வண்டியைச் சாய்க்கும் பயம் இவர்களுக்குக் கிடையாது. சைக்கிள் ஓட்டப் பழகியதே கொண்டை ஊசி வளைவுகளில்தான். அந்தத் தைரியம்தான் டயர் விஷயத்தில் இவர்கள் காலை வாருகிறது. மலை ரோடு கற்றுக்கொடுத்த பல வழக்கங்கள் ட்ராக்கில் தப்பாகப் போகும்.

மொட்டை டயர் ஸ்லிக் ஆகாது

நான் அதிகம் கேட்கும் வாதம் இது: "ரேஸ்ல பட்டனே இல்லாத டயர்லதானே ஓட்டுறாங்க, என் டயர் தேஞ்சிருந்தா என்ன?"

ஸ்லிக் என்பது பட்டன் தேய்ந்துபோன டயர் இல்லை, பட்டனே வெட்டாமல் வார்த்த டயர். அதன் ரப்பர் மிருதுவானது; நல்ல சூடு ஏறினால்தான் தரையைப் பிடிக்கும். அதனால்தான் பெரிய ரேஸ்களில் ஓட்டம் தொடங்கும்வரை டயருக்கு மின்சாரப் போர்வை சுற்றி, 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வைக்கிறார்கள். உங்கள் சாலை டயர் தேய்ந்து மொட்டையாகும்போது மிஞ்சுவது, ஆயிரம் முறை சூடாகி ஆறி இறுகிப்போன ரப்பர். அதற்குப் பிடிப்பும் இல்லை, மழைத் தண்ணீரை ஒதுக்கும் வழியும் இல்லை. இருசக்கர வண்டிக்கு டயர் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான அடையாளம் 0.8 மி.மீ. அது சாலைக்கான கடைசி எல்லை. ட்ராக்குக்குப் போகிறவர்களிடம் குறைந்தது 2 மி.மீ. இல்லாமல் போகாதே என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. பெரிய வண்டிகள் ஓட்டிக் கழற்றிய ஸ்லிக் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, 150, 200 சிசி வண்டியில் மாட்டுவது. அந்த எடைக்கும் வேகத்துக்கும் அதில் தேவையான சூடு ஏறவே ஏறாது. சூடு ஏறாத ஸ்லிக்கைவிட நல்ல சாலை ரேடியல் டயர் நூறு மடங்கு நம்பகமானது. தவிர, வண்டியை ஓட்டிக்கொண்டுதானே மலை இறங்கப் போகிறீர்கள்? விடியற்காலைப் பனியில் நனைந்த ரோட்டில் ஸ்லிக்கை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-வது வாரம் வார்த்தது. நம் ஊரில் மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டிகள் அதிகம். பட்டன் புதுசு போலவே இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் ட்ராக்குக்கு அனுப்புவதில்லை. பஞ்சர் ஒட்டிய டயரும் அப்படித்தான்.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்பது இன்னொரு நம்பிக்கை. 130 மி.மீ. அகல டயருக்கான ரிம்மில் 150-ஐத் திணித்தால் டயரின் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, நடு முதுகு கூம்பிவிடும். சாய்க்கும்போது எங்கே பிடிக்கும், எங்கே விடும் என்று கைக்குத் தெரியாது. சில வண்டிகளில் செயினிலும் உரசும். கம்பெனி கொடுத்த அளவே போதும். நல்ல காம்பவுண்டில் (ரப்பர் கலவையில்) முன்னும் பின்னும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். ஒரே மாதிரி டயர்தான் போட வேண்டும் என்று விதி வைத்த வகுப்புகளும் உண்டு. ஆகவே விதிப் புத்தகத்தைப் படித்த பிறகு டயர் கடைக்குப் போங்கள்.

மேலே பிடித்த காற்று

இது மலைக்காரர்களுக்கே உரிய தவறு. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், செட்டிபாளையம் சுமார் 400. காற்று மானி காட்டும் எண், வெளிக்காற்றைவிட டயருக்குள் எவ்வளவு கூடுதல் அழுத்தம் என்பதுதான். மேலே வெளிக்காற்று லேசு, கீழே கனம். அதனால் ஊட்டியில் 30 பவுண்டு பிடித்த டயர், வெப்பம் மாறாமலே கீழே வந்தால் 27-ஐ ஒட்டித்தான் காட்டும்.

ஆனால் வெப்பமும் மாறும். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு ஏறும். ஊட்டி விடியலில் 12 டிகிரியில் பிடித்த காற்று, கோவை மதியத்தின் 33 டிகிரியில் 3 பவுண்டு ஏறி, இறங்கியதைச் சரிக்கட்டி, அதே 30-ஐக் காட்டும். "பாருங்கண்ணா, மாறவே இல்ல" என்பான் பையன். அதே ஆள் முந்தின நாள் மதிய வெயிலில் மேலே காற்றுப் பிடித்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு ட்ராக்கில் இறங்கினால், 3 பவுண்டு குறைவாக ஓட்டிக்கொண்டிருப்பான். அவனுக்கே அது தெரியாது.

எனவே, எவ்வளவு பிடித்தீர்கள் என்பதோடு எங்கே, எப்போது பிடித்தீர்கள் என்பதும் முக்கியம். ட்ராக்குக்குப் போய்ச் சேர்ந்து, வண்டியை நிழலில் நிறுத்தி, டயர் முழுக்க ஆறிய பிறகு சொந்த மானியால் அளந்து பிடியுங்கள். ஓடி வந்த சூட்டோடு மறுபடி அளந்து, இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

"ரேஸ்காரங்க காத்தைக் குறைப்பாங்க" என்று கேள்விப்பட்டு ஒரேயடியாக 20-க்கு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ட்ராக்கில் டயர் அதிகம் சூடாகும், காற்று ஏறும், அதனால் கொஞ்சம் குறைத்துத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான். அளவுக்கு மீறிக் குறைத்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கி டயர் கொதித்துவிடும். முதல் சுற்றுகளைக் கம்பெனி சொன்ன அளவிலேயே ஓடுங்கள். பிறகு குறைப்பதானால் இரண்டு பவுண்டு, அதற்கு மேல் வேண்டாம். உலக அளவிலான பைக் ரேஸான மோட்டோஜிபியிலேயே இது பாதுகாப்பு விதி. முன் டயரில் 1.8 பார், அதாவது சுமார் 26 பவுண்டுக்குக் குறையக் கூடாது. 2025 கத்தார் ரேஸில் இரண்டாவதாக வந்த மாவெரிக் வின்யாலெஸ், இந்த விதியில் 16 விநாடி தண்டனை வாங்கி 14-வது இடத்துக்குப் போனார். உலகத்தின் மிகச் சிறந்த மெக்கானிக்குகள் பக்கத்தில் இருந்தும் அப்படி.

முதல் இரண்டு சுற்று

நான் ட்ராக்கில் விழுந்தது ஒரே ஒரு முறை. அது இரண்டாவது சுற்றில். புது டயர், காலை நேரம், தரை இன்னும் குளிர்ச்சி. முந்தின மாதம் அதே வளைவில் அதே வேகத்தில் போயிருந்தேன் என்ற நம்பிக்கை. முன் சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் நழுவியது. உடைந்த தோள் எலும்பு ஒன்றுசேர மூன்று மாதம் ஆயிற்று. புது டயரின் மேல்தோல் வழுவழுப்பானது. அது உரசிச் சொரசொரப்பாகும்வரை சுற்றுக்குச் சுற்று சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பழகிய டயருக்கும் முதல் இரண்டு, மூன்று சுற்று பொறுமை வேண்டும். நேர் ரோட்டில் பாம்பு போல வளைத்து ஓட்டினால் டயர் சூடேறிவிடாது. வண்டி சாயாமல் நேராக ஓடும்போது அழுத்தி பிரேக் பிடிப்பதும், நிதானமாக முறுக்குவதும்தான் சூட்டைத் தரும்.

பரிசோதனை மேசையில்

இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகரித்த போட்டியில் ஓட அதன் உரிமம் வேண்டும். வண்டியையும் உடையையும் பரிசோதிப்பார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் நண்பனின் ஹெல்மெட்டையும் கையுறையையும் இரவல் வாங்கிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். தலைக்குத் தளர்வான ஹெல்மெட் விழும்போது கழன்று ஓடிவிடும். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும்.

கண்ணாடிகளைக் கழற்றுங்கள், விளக்குகளுக்கு டேப் ஒட்டுங்கள், ஆயில் போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். ரேடியேட்டரில் கூலண்டை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள். கூலண்ட் சிந்திய வளைவு எண்ணெய் போல வழுக்கும். விழப்போவது உங்களுக்குப் பின்னால் வருகிறவர்.

கொடிகளை மனப்பாடமாக வைத்திருங்கள். மஞ்சள் ஆடினால் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்கு (ட்ராக் ஓரத்தில் வண்டிகளைப் பராமரிக்கும் இடத்துக்கு) திரும்ப வேண்டும். கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டத்தோடு உங்கள் எண்ணைக் காட்டினால், உங்கள் வண்டியில் ஏதோ கோளாறு. உடனே ஓரம் கட்ட வேண்டும். மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் தரை வழுக்குகிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வரும் தவறு, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் குன்னூர் ரோட்டிலும் ரேஸுக்குப் "பிராக்டீஸ்" செய்வது. அங்கே கொடி காட்ட ஆள் இல்லை. வளைவு திரும்பினால் காட்டெருமை நிற்கும், தேயிலை லாரி நிற்கும், தைல மர இலை நனைந்து கிடக்கும். பொதுச் சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எதிரே பள்ளிக்கூட வேன் ஏறி வரும் ரோடு அது.

கடைசியாகத் திரும்பும் பயணம். களைப்பில் யாரும் இதை நினைப்பதில்லை. ட்ராக்குக்காகக் குறைத்த காற்றை, டயர் ஆறிய பிறகு பழைய அளவுக்கு ஏற்றுங்கள். டயர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் துணுக்குகளையும் மண்ணையும் துடையுங்கள். கண்ணாடியை மாட்டி, விளக்கில் ஒட்டிய டேப்பை உரித்துவிட்டுக் கிளம்புங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏற ஏற மூடுபனி இறங்கும், இருட்டும், ரோடு குளிரும். பகலெல்லாம் கொதித்த டயர் அதற்குள் ஆறிப்போயிருக்கும்.