மதுரை வெயிலில் நடைபாதைக்குப் பச்சை: பொடுதலையில் தொடங்குங்கள்

கேட்டிலிருந்து வாசல்படி வரை நாலு கல் பதித்து, இடையில் பச்சையாக ஏதாவது படரவிட வேண்டும். ஆசை இவ்வளவுதான். ஆனால் படங்களில் பார்க்கும் பாசியும் குளிர்நாட்டுச் செடியும் நம் சித்திரை வெயிலில் கருகிப்போகும். ஆகவே செடி வாங்க ஓடாமல், முதலில் பாதையைப் பாருங்கள்.

1. வெயிலையும் காலடியையும் கவனியுங்கள்

காலை 9, மதியம் 1, மாலை 4 மணிக்கு எங்கெங்கே வெயில் விழுகிறது என்று பாருங்கள். அப்புறம், வீட்டில் எல்லோரும் எங்கே கால் வைத்து நடக்கிறார்கள் என்பதையும். நீங்கள் போட்ட பாதை ஒன்று, பால் கொண்டுவருபவர் நடக்கும் பாதை வேறாக இருக்கும்.

2. இடத்துக்கு ஏற்ற செடி

நல்ல வெயில், மிதியும் உண்டு என்றால் என் முதல் ஓட்டு பொடுதலைக்கு. கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரையோடு ஒட்டிக் கிடக்குமே, அதுதான். இலை நுனியில் மட்டும் ரம்பப் பல் இருக்கும். பூங்கொத்து குட்டித் திப்பிலி மாதிரி, அதைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் வளையமாக நிற்கும். கணுவுக்குக் கணு வேர் விடும். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் சமாளிக்கும். உயரம் இரண்டு மூன்று அங்குலம்தான் என்பதால், பூச்சி பொட்டு பதுங்குமோ என்ற பயமும் குறைவு.

துணி துவைக்கும் கல்லை ஒட்டிய நிழலான ஈரத்தில் வல்லாரை நன்றாக வரும். சோப்புத் தண்ணீர் பாயும் இடத்து வல்லாரையைத் துவையல் அரைத்துவிடாதீர்கள். மிதிபடாத ஓரத்துக்கு பத்துமணிப் பூ. கொரியன் புல் அழகுதான், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். அருகம்புல் எதையும் தாங்கும், ஆனால் பக்கத்துப் பாத்திக்குள் நுழையாமல் இருக்காது.

3. இதில் ஏமாறாதீர்கள்

ஒரு நர்சரியில் 'மஞ்சள் கரிசாலை' என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி நட்டேன். ஒரே மழைக்காலத்தில் கல்லெல்லாம் காணாமல் போய், முழங்கால் உயரப் புதர்தான் மிஞ்சியது. அது வெடேலியா என்னும் வெளிநாட்டுச் செடி. உலகின் மோசமான ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலிலேயே இருக்கிறது. இலையைப் பாருங்கள்: தடித்துப் பளபளத்து, பெரும்பாலும் மூன்றாகப் பிரிந்திருந்தால் வெடேலியா. நம்ம ஊர் மஞ்சள் கரிசாலை, அதாவது மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், பிரியாது.

4. கோரையை ஒழியுங்கள்

அலுப்பான வேலை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. தரையைக் கொத்தி, கோரைக்கிழங்குகளைக் கையால் பொறுக்குங்கள். தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் விடுங்கள். மிச்சம் இருப்பது தலைகாட்டும், அதையும் கிழங்கோடு எடுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் என்றால் மணலும் மக்கிய சாணமும் கலந்துகொள்ளுங்கள்.

5. கல்

ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடு வரை 2 அடி. கிரானைட் துண்டுகள் கிடைத்தால், பாலிஷ் போட்ட பக்கம் மண்ணைப் பார்க்கட்டும், சொரசொரப்பான பக்கம் மேலே. மாற்றிப் பதித்தால் முதல் மழையிலேயே யாராவது வழுக்குவார்கள். கல்லின் மேல்மட்டம் தரையோடு சமமாக இருக்க வேண்டும்.

6. நடுதல்

புரட்டாசிக் கடைசியில் நட்டால், ஐப்பசி மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். விரல் நீளத்தில், இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாகப் பொடுதலையை வெட்டுங்கள். கரையிலிருந்து எடுத்ததென்றால் வேரை அலசிவிடுங்கள், இல்லையென்றால் அந்த மண்ணோடு கோரை திரும்ப வரும். ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி அரை அடிக்கு ஒன்றாகப் படுக்கவைத்து, விரலால் அழுத்துங்கள். சதுர அடிக்கு 4 துண்டு கணக்கு. 10 அடி நீளம், 3 அடி அகலப் பாதைக்குக் கல் அடைக்கும் இடம் போக 90 துண்டுகள் போதும்.

முதல் மூன்று வாரம் மழை இல்லாத நாளெல்லாம் தண்ணீர். அதுவரை யாரையும் மிதிக்க விடாதீர்கள். வேர் பிடித்த பிறகு, கோடையில்கூட வாரம் இரண்டு முறை நனைத்தால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்னொன்று: பூ வந்தால் தேனீ வரும். நம் வீடுகளில் குழந்தைகள் செருப்பில்லாமல்தான் ஓடுவார்கள், அதனால் கல்லை ஒட்டிய பூக்களை மட்டும் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். ஓரத்துப் பூக்கள் அப்படியே இருக்கட்டும்.