பழைய கே.கே.எல். கேபிளை விண்டோஸ் 11-இல் இயங்கச் செய்யும் முறை

இந்தியாவில் 2001-இல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா போன்ற கார்களைத் தாமே பராமரிப்பவர்களுக்கு, காரின் கோளாறுகளைக் கணினி வழியே படிக்க உதவும் கே.கே.எல். 409.1 கேபிள் இன்றும் பயன்மிக்க கருவியாகும். ஆனால் அதனுடன் வரும் சிடியைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். கேபிளை விண்டோஸ் அடையாளம் காண உதவும் மென்பொருளான டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கேபிளின் பெயரைப் பார்த்து அல்ல, அதற்குள் இருக்கும் சிப்பைப் பார்த்துத்தான்.

முதலில் கேபிளைக் காரில் மாட்டாமல், கணினியின் யூ.எஸ்.பி. துளையில் மட்டும் செருகுங்கள். ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், மஞ்சள் எச்சரிக்கைக் குறியுடனோ, 'போர்ட்ஸ்' பிரிவின் கீழோ கேபிள் தென்படும். அதன் பிராப்பர்ட்டீஸில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குச் சென்று 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 0403, 6001 ஆகிய எண்கள் இருந்தால் அது எஃப்.டி.டி.ஐ. சிப், 1ஏ86, 7523 என்றிருந்தால் சி.எச்.340.

இணைய இணைப்பு இருந்தால் பெரும்பாலும் விண்டோஸே உரிய டிரைவரை நிறுவிவிடும். நிறுவாவிட்டால், கேபிளைக் கழற்றிவிட்டு, சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி நிறுவி, பிறகு மீண்டும் செருகுங்கள். எஃப்.டி.டி.ஐ. தளத்தில் வி.சி.பி. (கேபிளைக் காம் போர்ட்டாகக் காட்டும் டிரைவர்) என்ற பிரிவில் உள்ளதே நமக்குத் தேவையானது. போலிச் சிப்புகள் சந்தையில் மிகுதி. 2014-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஒரு டிரைவர், போலிச் சிப்பின் 6001 என்ற எண்ணை 0000 ஆக மாற்றி அதை முடக்கியது. அவ்வாறான கேபிளுக்காகத் திருத்தப்பட்ட டிரைவர்களைத் தேடி அலைவதைவிட, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல கேபிள் வாங்குவதே பாதுகாப்பானது.

அடுத்தது பலரும் தடுமாறும் இடம். விண்டோஸ் கேபிளுக்குக் காம் 7, காம் 12 என்று ஏதோ ஒரு போர்ட் எண்ணை ஒதுக்கியிருக்கும். காரின் கோளாறுகளைப் படிக்கும் விசிடிஎஸ்-லைட் போன்ற பழைய மென்பொருள்களோ காம் 1 முதல் 4 வரையே தேடும். எனவே டிவைஸ் மேனேஜரில் கேபிளின் பிராப்பர்ட்டீஸில் உள்ள 'போர்ட் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தி, எண்ணை 3 அல்லது 4 ஆக மாற்றுங்கள். எஃப்.டி.டி.ஐ. சிப்பாக இருந்தால், அதே இடத்தில் 16 மில்லி நொடி என்றிருக்கும் லேட்டன்சி டைமரை (தரவை அனுப்புமுன் சிப் காத்திருக்கும் நேரத்தை) 1 அல்லது 2 ஆகக் குறைத்தால், இடையில் இணைப்பு அறுந்துபோவது பெரிதும் குறையும்.

இப்போது கேபிளைக் காரில் மாட்டி, இக்னிஷனை ஆன் செய்து, மென்பொருளில் அதே காம் எண்ணைத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். கேபிளில் கே-லைன் (காரின் கணினிகளுடன் தரவு பரிமாறும் ஒயர்) பகுதிக்கான 12 வோல்ட், காரின் ஓ.பி.டி. சாக்கெட்டில் (கேபிளை மாட்டும் இடத்தில்) உள்ள 16-ஆம் பின்னிலிருந்து வருவதால், காரில் மாட்டாமல் சோதித்தால் கேபிள் இல்லை என்றே காட்டும். அது டிரைவரின் குறை அன்று.

காரில் மாட்டிய பிறகு கேபிள் தெரிந்தும் எஞ்சின் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிலளிக்காவிட்டால், வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவைக் கவனியுங்கள். இக்கார்களில் ரேடியோ சாக்கெட்டுக்கும் கே-லைன் ஒயர் செல்வதால், பொருந்தாத ஸ்டீரியோ அந்தத் தடத்தையே முடக்கிவிடக்கூடும். அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு மீண்டும் இணைத்துப் பாருங்கள்.