ஒலிப்பதிவைக் கேட்டுத் தேவாரத்தைப் பண்ணோடு பழகுவது எப்படி?

பூசை முடிவில், தேவாரம் முதலான ஐந்து திருமுறைப் பாட்டுகளைப் பாடச் சொல்லி, "பஞ்சபுராணம் ஓதுங்கோ" என்று ஐயர் சொன்னதும் முன்னுக்கு வர யாழ்ப்பாணத்தில் ஆளுக்குக் குறைவில்லை. பாட்டு பாடமாக இருக்கும், பண், அதாவது பாட்டுக்குரிய இராகம்தான் இருக்காது. பள்ளிக்கூடத்தில் சமய பாடத்துக்குப் பாடமாக்கியதை ஒரே ஓசையில் சொல்லிவிட்டு வருவோம். பக்கத்தில் ஓதுவார் (கோயிலில் தேவாரம் பாடுபவர்) இல்லாதவருக்கு நல்ல ஒலிப்பதிவுதான் ஆசிரியர். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

முதலில் பாட்டு. "தோடுடைய செவியன்" எடுங்கள். சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகம், பண் நட்டபாடை. இன்று கம்பீரநாட்டை இராகத்தில் பாடுகிறார்கள். ரி, த இரண்டும் இதில் வராது. ச க ம ப நி என்று ஐந்து சுரம்தான். பழகத் தொடங்குபவருக்கு இதைவிடச் சுகமான வாசல் இல்லை.

அடுத்து பதிவு. கச்சேரிப் பதிவு வேண்டாம். ஆலாபனையும் பக்கவாத்தியமும் சேர்ந்தால் சொல் எங்கே முடிகிறது என்று புதியவருக்குப் பிடிபடாது. தருமபுரம் சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் பதிவு ஒன்றைத் தெரிந்தெடுத்து, அந்த ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கொரு குரலைக் கேட்டால் எதுவும் தொண்டையில் தங்காது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் திருவிழா 25 நாள். அந்த 25 நாளையும் இந்த ஒரு பாட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

சொல் பிரித்தல். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். முதல் மூன்று நாளும் வாய் திறக்காமல், புத்தகத்தை மடியில் வைத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு கேளுங்கள். "விடையேறியோர்" என்பது விடை, ஏறி, ஓர். சின்ன வயதில் நான் "விடையே" என்று நிறுத்தி மூச்செடுத்து, "றியோர்" என்று தொடங்குவேன். அம்மம்மா அடுப்படியிலிருந்தே, "சாமி எருதில ஏறுறார் பிள்ளை, பாதியில இறக்காத" என்பா. அன்றைக்குத்தான் பொருள் தெரிந்து பாடுவது என்றால் என்னவென்று விளங்கியது. "தூவெண் மதி" என்பதும் அப்படித்தான்: தூய வெண்மையான பிறை. எங்கே மூச்செடுக்கலாம் என்று பொருளே சொல்லித்தரும். நல்ல ஓதுவார் அந்த இடத்தில்தான் நிறுத்துவார், கவனித்துக் கேளுங்கள்.

சுருதி. போனில் தம்பூரா செயலி ஒன்று போதும். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை அளவில் தொடங்கிப் பார்த்து, தொண்டை நோகாத இடத்தில் நில்லுங்கள். பதிவின் சுருதி உங்களுக்கு எட்டாவிட்டால் கத்தி எட்டிப் பிடிக்க வேண்டாம். அதைக் கேட்டு நிறுத்திவிட்டு, உங்கள் சுருதியில் பாடுங்கள்.

பிறகு ஒரு நேரத்தில் ஒரு வரி. கேளுங்கள், நிறுத்துங்கள், சொல் இல்லாமல் முனகுங்கள், அதன்பின் சொல்லோடு பாடுங்கள். ஐந்து சுரத்துக்கு வெளியே குரல் நழுவினால் காதுக்கே தெரியும். முழுப் பாட்டும் வந்ததும் போனில் உங்கள் குரலைப் பதிந்து, ஓதுவாருடையதோடு மாறிமாறிக் கேளுங்கள்.

இது படிந்தபின் நம் நாட்டுப் பதிகத்துக்கு வாருங்கள். மன்னாரிலுள்ள திருக்கேதீச்சரத்துக்குச் சுந்தரர் பாடிய "நத்தார்படை" பதிகமும் நட்டபாடைதான். "பாலாவியின் கரைமேல்" என்று அவர் பாடிய பாலாவித் தீர்த்தம் இன்றும் அங்கே இருக்கிறது. சந்தம் வேறு என்பதால் "தோடுடைய" மெட்டை அப்படியே ஒட்ட முடியாது. ஆனாலும் அதே ஐந்து சுரம், அதே இராகம். பாதி வழி ஏற்கெனவே நடந்திருப்பீர்கள்.

அதற்கடுத்து திருக்கோணமலைக்குச் சம்பந்தர் பாடிய "நிரைகழல்". அதன் பண் புறநீர்மை, இன்று பூபாளத்தில் பாடப்படுவது. அதை விடியற்காலையில் எழும்பிப் பழகுங்கள்.