என்விடியா லேப்டாப்பில் உபுண்டு: டிரைவர் போட்டும் கார்டு எழுந்திருக்கவில்லையா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதற்கே போனது. லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸ் ஒன்று, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று. உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன், என்விடியா டிரைவரும் போட்டேன், ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. ஆனால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைத் திறந்தால் அந்த 1650 இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. காரணம் டிரைவரில் இல்லை, நான் கவனிக்காமல் விட்ட ஒரு நீலத்திரையில் இருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு கார்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சாதாரண வேலையை இன்டெல் பார்த்துக்கொண்டால் பேட்டரி மிச்சம், கனமான வேலை வந்தால் மட்டும் என்விடியா விழித்துக்கொள்ளும். ஆப்டிமஸ் என்ற பெயரில் 2010இல் வந்தது. லினக்ஸில் இது பல வருடம் பெரிய தலைவலியாக இருந்தது. 2012இல் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினாரே, அந்தக் கேள்வியே ஆப்டிமஸ் பற்றியதுதான். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை.

கட்டளைகளை, என் தங்கைக்கு ஃபோனில் சொன்னதுபோல உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். கோடு போட்ட இடத்தில் கோடு போடுங்கள்.

1. முதலில் நோய் என்ன என்று பாருங்கள்

‘என்விடியா-எஸ்எம்ஐ’ என்று அடியுங்கள். கார்டின் பெயர், வெப்பநிலை எல்லாம் ஒரு கட்டத்துக்குள் வந்தால் டிரைவர் ஓடுகிறது, நேராக 4ஆம் படிக்குப் போங்கள். டிரைவருடன் பேச முடியவில்லை என்று சொன்னால் தொடர்ந்து படியுங்கள். கட்டளையே இல்லை என்றால் டிரைவரே இல்லை.

2. டிரைவர்

‘உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்’ என்று கேட்டால் உங்கள் கார்டுக்கு ஏற்றவற்றைப் பட்டியல் போடும். ஒன்றுக்குப் பக்கத்தில் ‘ரெக்கமெண்டட்’ என்று இருக்கும். ‘சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ (சூடோ என்பது எஸ்-யு-டி-ஓ, நிர்வாகி உரிமையோடு ஓடச் சொல்வது) அடித்தால் அதையே போட்டுவிடும்.

பட்டியலில் சிலவற்றின் வாலில் ‘ஓபன்’ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், ஓடும் டிரைவர் பகுதியின் நிரலை என்விடியா 2022இல் திறந்துவிட்டது, அந்த வகை அது. என்விடியா கார்டுகளில் ட்யூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் அதில் ஓடும். 1650 ட்யூரிங், அதனால் இரண்டும் சரி. 1050, 1060 போன்ற பழையவற்றுக்கு ஓபன் வேண்டாம்.

என்விடியா தளத்தில் இறக்கும் ‘டாட் ரன்’ கோப்பை மட்டும் தொடாதீர்கள். உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் ஏப்டிக்கு அதைப் பற்றித் தெரியாது. கர்னல் ஒருநாள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், மறுநாள் காலை திரை வராது. நான் பட்டிருக்கிறேன்.

3. அந்த நீலத்திரை

என் கதைக்கு வருகிறேன். நான் உபுண்டு-டிரைவர்ஸை விட்டுவிட்டு, வழக்கம்போல ஏப்டியில் டிரைவர் பொதியை நேராகப் போட்டேன். அப்படிப் போட்டதில் கர்னல் மாட்யூல் (கர்னலுக்குள் ஓடும் அந்த டிரைவர் பகுதி) டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக என் லேப்டாப்பிலேயே கம்பைல் ஆனது. வீட்டில் செய்த மாட்யூலில் உபுண்டுவின் கையொப்பம் இருக்காது, நம் லேப்டாப்பிலேயே உருவான சாவியின் கையொப்பம்தான் இருக்கும். செக்யூர் பூட் (நம்பகமில்லாத நிரலை பூட் ஆகும்போதே தடுக்கும் அமைப்பு) ஆனில் இருந்தால் கையொப்பத்தை அடையாளம் தெரியாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. ‘சூடோ மாட்ப்ரோப் என்விடியா’ என்று அடித்தேன், ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தது. உங்களுக்கும் இந்த வரி வந்தால் நோய் இதுதான். ‘மாக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்’ (மாக்யூடில் என்பது எம்-ஓ-கே-யு-டி-ஐ-எல்) அடித்து செக்யூர் பூட் ஆனில் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தீர்வு: நம் சாவியை இயந்திரத்துக்கு அறிமுகப்படுத்துவது. ‘சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ’ என்று கொடுங்கள். குறைந்தது 8 எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். இது லாகின் பாஸ்வேர்டு அல்ல, ஒரே ஒரு முறைதான் தேவைப்படும். தாளில் எழுதி வைத்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இப்போது லேப்டாப்பை விட்டு நகராதீர்கள். உபுண்டு வருவதற்கு முன் நீலத்திரை வரும், ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி 10 வினாடி காத்திருக்கும். அவ்வளவுதான் அவகாசம். முதல் முறை நான் டீ போடப் போயிருந்தேன். இரண்டாம் முறை காத்திருந்து விசையை அழுத்தினேன், மெனு வந்தது, அவசரத்தில் என்டர் தட்டினேன். மெனுவின் முதல் வரி ‘கன்டினியூ பூட்’. அதாவது, ஒன்றும் வேண்டாம், போய்க்கொண்டே இரு. இப்படித் தவறவிட்டால் நம் கோரிக்கையும் அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து கட்டளை கொடுக்க வேண்டும்.

சரியான வழி: கீழ் அம்புக்குறியால் ‘என்ரோல் மாக்’ (மாக் என்பது நம் சாவிதான்), அப்புறம் ‘கன்டினியூ’, அப்புறம் ‘யெஸ்’, பாஸ்வேர்டு, கடைசியில் ‘ரீபூட்’. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட நகராது, பயப்பட வேண்டாம்.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் முடிந்ததே என்பார்கள். முடியும்தான். ஆனால் விண்டோஸும் அதன் வட்டுப் பூட்டான பிட்லாக்கரும் கூட இருந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கக்கூடும். இரண்டு நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

4. எந்தக் கார்டு எப்போது

‘ப்ரைம்-செலக்ட் க்வெரி’ இப்போதைய நிலையைச் சொல்லும். ‘சூடோ ப்ரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்’ என்று வைத்து ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். எல்லோருக்கும் இதுதான் நல்லது. எப்போதும் ‘என்விடியா’ என்று வைத்தால் பேட்டரி பாதியில் படுத்துவிடும். இனி, கனமான செயலியின் ஐகானில் வலது கிளிக் செய்தால் தனி கிராபிக்ஸ் கார்டில் திறக்கும் வழி மெனுவில் இருக்கும். திறந்துவிட்டு என்விடியா-எஸ்எம்ஐ பாருங்கள், கீழே பட்டியலில் அந்தச் செயலியின் பெயர் வர வேண்டும்.

பின்சேர்க்கை 1: “நீலத்திரையே வரவில்லை” என்று இரண்டு பேர் எழுதினார்கள். உபுண்டு-டிரைவர்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே கையொப்பமிட்ட மாட்யூலையே கொண்டுவரும், அதற்குச் சாவி அறிமுகமே தேவையில்லை. என்விடியா-எஸ்எம்ஐ வேலை செய்தால் அதை மறந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: பாஸ்வேர்டு தவறு என்று சொல்கிறதா? நீலத்திரைக்கு அமெரிக்க விசைப்பலகை மட்டும்தான் தெரியும். வேறு அமைப்பு வைத்திருப்பவர்கள் குறிகள் இல்லாமல் எண்களும் சாதாரண எழுத்துகளுமாக வையுங்கள். ஃபிரெஞ்சு விசைப்பலகைக்காரர்கள் எழுத்துகளிலும் கவனம், ஏ இருக்கும் இடத்தில் க்யூ விழும்.

பின்சேர்க்கை 3: ப்ரைம்-செலக்டில் ‘இன்டெல்’ வைத்த பிறகு எச்டிஎம்ஐயில் மானிட்டர் வரவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். பல லேப்டாப்களில் அந்தத் துளை நேராக என்விடியா கார்டோடுதான் இணைந்திருக்கிறது, கார்டை அணைத்தால் துளையும் செத்துவிடும். ஆன்-டிமாண்டுக்குத் திரும்பியதும் அவருக்கு மானிட்டர் வந்துவிட்டது.