உள்ளதை உள்ளபடி பேசப் பழகுவது எப்படி?

பெரிய பொய் சொல்பவர்கள் குறைவு. அந்த நேரத்துச் சங்கடத்தைத் தாண்ட நாக்கு தானாகச் சொல்லிவிடுகிற சின்னப் பொய்தான் களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை நம் பேச்சில் கலந்து கிடக்கிறது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று மத்தேயு 5:37-ல் இயேசு சொன்னது இந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான். "இனி பொய்யே சொல்லமாட்டேன்" என்று புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுத்தால் பொங்கல்வரைகூட நிற்காது. ஒவ்வொரு இடமாகப் பிடித்துத்தான் மாற்ற வேண்டும்.

1. முதல் வாரம் எழுதுங்கள், திருத்த வேண்டாம்

சட்டைப் பையில் அடங்கும் நோட்டு போதும். இரவு ஜெபத்துக்கு முன் மூன்று விஷயம்: யாரிடம், என்ன சொன்னேன், எதற்காக. காரணத்துக்கு ஒரே வார்த்தை: பயம், வெட்கம், லாபம். ஏழு நாளில் எது அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் பலவீனம். இரண்டாம் நாளே அடுத்தவர் சொன்ன பொய்யை எழுதத் தோன்றும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

2. போனில் தொடங்குங்கள்

பஸ் குழித்துறையில் நிற்கும், "தக்கலை தாண்டிட்டேன் அண்ணே" என்போம். இனி இடத்தையும் நேரத்தையும் அப்படியே சொல்லுங்கள்: "இப்பதான் குழித்துறை, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்." திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். "நான் இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையிடம் போனைக் கொடுப்பதும் இதில் சேரும். "அப்பா இப்போ பேச முடியாதாம்" என்றால் போதும்.

3. வாங்கும்போதும் விற்கும்போதும்

ரப்பர் ஷீட் சரியாகக் காயாவிட்டால் வெள்ளைத் திட்டு தெரியும். அவற்றைக் கட்டுக்கு நடுவில் வைத்து "எல்லாம் காய்ஞ்சது" என்பது வாயும் கையும் சேர்ந்து சொல்லும் பொய். வெள்ளை உள்ளதைத் தனியாகக் கட்டி, எத்தனை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாலாம் தர ஷீட்டை அஞ்சாம் தரம் என்று தள்ளிப் பேசும் வியாபாரிகள், வாங்கும்போது "நல்லதல்ல" என்று சொல்லிவிட்டுப் போனபின் மெச்சிக்கொள்கிறவனைப் பற்றிய நீதிமொழிகள் 20:14-ஐப் படிக்கலாம்.

இங்கே புதியவர்கள் குழம்புவது ஒன்று உண்டு. உங்கள் கடைசி விலையை வெளியே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதை மறைப்பது பொய்யாகாது. "அடுத்த கடையில அஞ்சு ரூபா கூட தாறாங்க" என்று இல்லாததைச் சொல்வதுதான் பொய்.

4. சபைக்குள்ளே

கடினமான இடம் இதுதான், ஏனென்றால் இங்கே பொய் பக்தி உடுத்தி வருகிறது.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொன்னால் அங்கேயே நின்று அரை நிமிடம் ஜெபியுங்கள், அல்லது பெயரை நோட்டில் எழுதுங்கள். இரண்டும் முடியாதென்றால் அந்த வாக்கியத்தை விடுங்கள். வர மனமில்லாத கூட்டத்துக்கு "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்கு அடிப்படையான யாக்கோபு 4:15 தப்பிக்கும் வழிக்காக எழுதப்படவில்லை. "வர இயலாது" என்பது மரியாதையான பதில்தான்.

தேவன் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன் சாட்சியாகச் சொல்லப் போகிறவர் முன்னதாக எழுதிப் பார்க்கட்டும்: டாக்டர் சொன்ன வார்த்தை என்ன, எத்தனை நாள் படுக்கை, என்ன மருந்து. எழுதாமல் மேடையேறினால் மூன்று நாள் காய்ச்சல் "டாக்டர் கைவிட்ட" காய்ச்சலாகும், மாத்திரை காணாமல் போகும். தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேச வேண்டுமா என்று யோபு தன் நண்பர்களிடம் கேட்டது (13:7) இதற்கும் பொருந்தும்.

5. எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம்

எபேசியர் 4:15 சத்தியத்தோடு அன்பையும் கேட்கிறது. கல்யாண ஆலோசனைக்குப் பையனைப் பற்றி விசாரிக்க வந்தால் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், கேள்விப்பட்டது வேண்டாம். ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியத்தைக் கேட்டால் "அதை நான் சொல்லக்கூடாது" என்றால் போதும். "எனக்குத் தெரியாது" என்றுதான் வாய் முந்தும், கவனம்.

6. தவறினால்

அன்றைக்கே, அதே ஆளிடம், ஒரே வாக்கியத்தில்: "காலையில சொன்னது சரியில்ல, நடந்தது இது." காரணம் நீட்டினால் அதற்குள் இன்னொரு பொய் புகுந்துவிடும். அவருக்குப் பணம் நஷ்டமாகியிருந்தால் பேச்சோடு பணமும் போக வேண்டும். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8), நீங்கள் குறைந்தது முழுத் தொகையையாவது கொடுங்கள். அவர் சிரித்துவிட்டு "இதுக்கா வந்தீங்க?" என்று கேட்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.