வாத்தியார்கள் துப்பறியும் நகைச்சுவை நாடகம்: மொரீசியஸ் மேடையில் எங்கே சறுக்குகிறது?

மொரீசியசில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. தைப்பூசக் காவடியும் அதை ஒட்டியே வருகிறது. மாற்றலாகி வந்த தமிழ் மிஸ், கணக்கு சார் இருவரையும் ஒரு திருட்டில் சிக்கவைக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. அறிமுகமே ஆகாதவர்கள், ஊரெல்லாம் விரதம், உண்டியலில் பணம்.

இத்தனை வசதி இருந்தும் பல நாடகங்கள் இரண்டாம் காட்சியிலேயே படுத்துவிடுகின்றன. ஒருவர் கடுகடு, மற்றவர் கலகல என்று குணத்தை மட்டும் எதிரெதிராக வைப்பதுதான் காரணம். அந்தச் சிரிப்பு பத்து நிமிடம் தாங்கும். இருவரும் பொருளைப் பார்க்கும் விதம் வேறுபட்டால்தான் சண்டையும் துப்பும் ஒரே இடத்திலிருந்து பிறக்கும்.

ஓர் உதாரணம். '1996இல் பூட்டியது, அப்புறம் திறக்கவே இல்லை' என்று சொல்லப்படும் பழைய உண்டியல் திறக்கப்படுகிறது. கணக்கு சார் எண்ணுகிறார்: தொகை பைசா பிசகவில்லை. அவருக்கு வழக்கு முடிந்தது. தமிழ் மிஸ் ஒரு நோட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த மொரீசியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து இந்தி எழுதும் தேவநாகரி எழுத்து, அதற்குக் கீழே தமிழ். 1998 நவம்பரில் வெளியான நோட்டுகளில்தான் தமிழ் இப்படி மூன்றாம் இடத்துக்குப் போனது. தமிழர்கள் எதிர்த்ததால் அவை திரும்பப் பெறப்பட்டு, 1999இல் தமிழ் மீண்டும் இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஆகவே யாரோ பணத்தை எடுத்து, பிறகு திருப்பி வைத்திருக்கிறார்கள். தொகையைச் சார் பார்த்தார், எழுத்தை மிஸ் பார்த்தார். ஒருவர் இல்லாமல் மற்றவரால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்தத் துப்பைக் கெடுக்க மூன்று வழி உண்டு. 1998 கதையை முதன்முதலாகக் கடைசிக் காட்சியில் சொல்வது முதலாவது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது, ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். இரண்டாவது, நோட்டை மட்டும் நம்புவது. பத்தாவது வரிசையிலிருந்து நோட்டின் எழுத்து தெரியாது. வகுப்புச் சுவரில் ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என மூன்று எழுத்துமுறையிலும் ஒரு பெரிய வரவேற்புப் பலகை மாட்டுங்கள். சார் வரிசை மாற்றி மாட்டுகிறார், மிஸ் கழற்றித் திருத்துகிறார். முதல் காட்சியில் இது சிரிப்பு, நடுவில் சண்டை, முடிவில் சாவி. மூன்று முறை போதும். நான்காவது முறை வந்தால் பார்ப்பவர் முந்திக்கொள்வார்.

மூன்றாவதுதான் ஒத்திகையில் தெரியாமல் போவது. துப்புள்ள வரியைச் சிரிப்பு வரிக்கு அடுத்து வைத்தால் கைதட்டலில் அது மூழ்கிவிடும். துப்பு முன்னால், சிரிப்பு பின்னால். சிரிப்பு அடங்கத் தொடங்கும்வரை இரண்டு மூன்று விநாடி நடிகர் காத்திருக்க வேண்டும். காலி அரங்கில் ஒத்திகை பார்ப்பதால் இந்த இடைவெளி யாருக்கும் நினைவு வருவதில்லை.

கொலை வேண்டாம். பிணம் விழுந்தால் போலீஸ் வந்தாக வேண்டும், வாத்தியார்களுக்கு வேலை இருக்காது. சின்னத் திருட்டுக்கும் 'ஏன் போலீசுக்குப் போகவில்லை?' என்ற கேள்விக்கு ஆரம்பத்திலேயே ஒரு வரியில் பதில் வேண்டும். சந்தேகம் வயதான காவலாளி மேல் விழுகிறது, ஆதாரமில்லாமல் அவர் மானம் போகக்கூடாது என்றால் பார்ப்பவர் மனம் ஒப்பும். சந்தேக நபர்கள் நால்வருக்கு மேல் முக்கால் மணி நாடகத்தில் அடங்க மாட்டார்கள்.

காவடியன்று பள்ளி விடுமுறை. அன்று வகுப்பறையில் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். விரதத்தைக் கேலி செய்வதையும் தவிருங்கள். விரதமிருப்பவர் எதிரில் ஒன்றும் அறியாத சார் கோழிக்கறிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுத் தவிப்பதே போதுமான சிரிப்பு. ஏழு வகைச் சைவக் கறியோடு பரிமாறும் 'ஏழு கறி' விருந்தைக் கடைசிக் காட்சியாக வைத்தால் சந்தேக நபர்கள் நால்வரையும் ஒரே வாழையிலை வரிசையில் உட்கார வைக்கலாம்.

பேச்சு. ஆசிரியர் அறையில் எல்லோரும் செந்தமிழில் பேசினால் இந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே ஊரின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோல் வரத்தான் வேண்டும். ஆனால் சிரிப்பெல்லாம் கிரியோலிலும் அறிவுரை மட்டும் தமிழிலும் வந்தால், தமிழ் என்றாலே சலிப்பு என்று பிள்ளைகள் பழகிவிடுவார்கள். மிஸ்ஸுக்கு நல்ல நகைச்சுவை வரிகளைத் தமிழிலேயே கொடுங்கள். குட்டு உடையும் வரி ஆறேழு சொல்லுக்குள் எளிய தமிழில் இருக்கட்டும். அதைச் சொல்லும்போதே அவர் கை பலகையைத் திருப்பி மாட்டட்டும்.