கட்சிகளை இணைக்கச் சொல்வதற்கு முன்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒவ்வொரு தேர்தலும் முடிந்த மறுவாரம் சாலையோர ஒட்டுக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "ஜ.செ.க., கெஅடிலான், சோசலிசக் கட்சி, மூன்றுமே ஏழைத் தொழிலாளியின் பக்கம்தான் பேசுகின்றன. பிறகு எதற்கு மூன்று கொடி? ஒன்றாகிவிட வேண்டியதுதானே?" (ஜ.செ.க. என்பது ஜனநாயகச் செயல் கட்சி, கெஅடிலான் என்பது மக்கள் நீதிக் கட்சி.) கேள்வி நியாயமானதுதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்களுக்குக் கவலை எல்லாம் சம்பளமும் வீட்டுக்கடனும். எந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் எதற்குப் படிக்க வேண்டும்?

ஆனாலும் விடை தேடும்போது நம்மவர்கள் ஒரே குழிகளில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதவாத இடதுசாரிக் கட்சிகள் ஒரே தொகுதியில் மோதிக்கொள்வது வீண்வேலை, அது நிற்க வேண்டும். அதை நிறுத்துவதற்கு எந்தக் கட்சியையும் கலைக்கத் தேவையில்லை.

வாக்குகளைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம்

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். 2013 பொதுத் தேர்தலில் சிலாங்கூரின் செமினி சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது நாட்டை ஆண்ட தேசிய முன்னணிக்கு 17,616 வாக்குகள், கெஅடிலானுக்கு 13,471, சோசலிசக் கட்சியின் அருட்செல்வனுக்கு 5,568. பின்னிரண்டையும் கூட்டினால் 19,039. "பார்த்தீர்களா, ஒன்றாக நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்கள்" என்று உடனே விரலை நீட்டுவார்கள். அதே தொகுதியில் 2008இல் அதே அருட்செல்வன் கெஅடிலான் சின்னத்திலேயே நின்று தோற்றார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு கட்சிக்கு விழுந்த வாக்கு, அந்தக் கட்சி இல்லாதபோது பக்கத்துக் கட்சிக்குத் தானாக நடந்து போகாது. சிலர் எதிரணிக்குப் போடுவார்கள். சிலர் அன்று வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு இந்தியா. 1952 முதல் பொதுத் தேர்தலில் சோசலிஸ்ட் கட்சி பத்தரை விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவும், ஆச்சார்ய கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் வாக்குகள் வாங்கின. அதே ஆண்டில் இரண்டும் இணைந்து பிரஜா சோசலிஸ்ட் கட்சி ஆயின. காகிதத்தில் பதினாறு விழுக்காடு. 1957இல் கைக்கு வந்தது ஏறக்குறைய பத்தரை. இடையில் 1955இல் அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான லோகியா பிரிந்து போய்த் தனிக்கட்சி கண்டிருந்தார். இணைப்புக்குப் பிறகு பிளவு வரும் என்பதை அந்தக் கூட்டல் கணக்கில் யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் சுங்கை சிப்புட் இன்னும் நல்ல பாடம், ஏனென்றால் இங்கே ஆள் மாறவில்லை, சின்னம் மட்டும் மாறியது. சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் 1999இல் ஜ.செ.க.வின் ராக்கெட் சின்னத்தில் நின்றார், தோற்றார். 2004இல் கெஅடிலானின் கண் சின்னம், அப்போதும் தோல்வி. 2008இல் அதே கண் சின்னத்தில் தேசிய முன்னணியின் சாமிவேலுவை 1,821 வாக்கு வித்தியாசத்தில் வீழ்த்தினார். 2013இல் பெரும்பான்மை 2,793 ஆக உயர்ந்தது. 2018இல் தன் சொந்தக் கட்சியின் முஷ்டிச் சின்னத்தில் நின்றபோது கிடைத்தவை 1,505 வாக்குகள், வைப்புத்தொகையும் போயிற்று. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் நாடாளுமன்றத் தொகுதிக்குக் கட்டிய பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) திரும்பி வராது. பத்தாண்டு காலம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருக்கே அந்த நிலை.

இதிலிருந்து ஒரு சாரார், "சின்னக் கட்சிக்கு வாக்கே இல்லை, கலைத்துவிட்டுப் பெரிய கட்சியில் சேரட்டும்" என்கிறார்கள். இன்னொரு சாரார், "ஜனங்கள் நன்றி கெட்டவர்கள்" என்கிறார்கள். இரண்டும் அவசர முடிவு. 2008 வெற்றிக்குப் பின்னால் 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதிகளில் இந்தியர் உரிமை கேட்டுத் திரண்ட ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் கூட்டம் இருந்தது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரே தொகுதியை வைத்திருந்த சலிப்பு இருந்தது, அலைகள் போன்ற அமைப்புகள் தோட்டம் தோட்டமாகச் செய்த வேலையும் இருந்தது. 2018இல் நாடே ஆட்சி மாற்றத்துக்கு வாக்களித்தது. மாற்று அணியின் சின்னத்தைத் தேடிப்பிடித்துக் குத்தினார்கள், அவ்வளவுதான். அந்த வாக்குகள் எந்தக் கட்சியின் சொத்தும் அல்ல, கெஅடிலானுடையதும் அல்ல.

கூட்டணி வேறு, இணைப்பு வேறு

பங்காளிகள் சேர்ந்து கோயில் திருவிழா நடத்துவது ஒன்று, நிலத்தை எல்லாம் ஒரே பெயரில் எழுதுவது வேறொன்று. ஆனால் நம் பேச்சில் இரண்டும் குழம்பிவிடுகின்றன. 2008இல் கெஅடிலானுக்கு 31 இடங்கள், ஜ.செ.க.வுக்கு 28, இஸ்லாமியக் கட்சியான பாஸுக்கு 23. தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அதற்காக எவரும் எவரோடும் இணையவில்லை. பதிவு செய்யப்பட்ட கூட்டணிகூட இல்லை. மூன்றும் சேர்ந்த அணிக்குப் பக்காத்தான் ராக்யாட் என்ற பெயரே தேர்தலுக்குப் பிறகு, ஏப்ரல் 1ஆம் தேதிதான் வந்தது. தொகுதிக்கு ஒரு வேட்பாளர் என்ற உடன்பாடு மட்டும்தான் இருந்தது. 2018இல் இன்னொரு படி போய், தீபகற்பத்தில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக் கட்சிகள் எல்லாமே கெஅடிலான் சின்னத்தில் நின்றன. ராக்கெட்டைத் தவிர வேறெதற்கும் குத்தமாட்டேன் என்றிருந்த கிழவர்களும் அன்று கண்ணுக்குக் குத்தினார்கள். தேர்தல் முடிந்ததும் ஜ.செ.க. பழையபடி ஜ.செ.க.வாகவே இருந்தது.

கூட்டணி என்றால் என்றைக்கும் நிலைக்கும் என்றும் நான் சொல்லவில்லை. தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் சேர்ந்த சோசலிஸ்ட் முன்னணி 1959இல் எட்டு நாடாளுமன்ற இடங்களைப் பிடித்தது, 1964இல் இரண்டாகச் சுருங்கியது, பிறகு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உடைந்தும் போனது. ஒன்றைக் கவனியுங்கள். 1964இல் பங்சாரில் அந்த முன்னணியின் வி. டேவிட்டைத் தோற்கடித்தது இன்னொரு இடதுசாரி வேட்பாளர், சிங்கப்பூரிலிருந்து வந்த மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயர். தோழர்கள் தோழர்களோடு மோதுவது இந்த நாட்டில் நேற்று முளைத்த நோய் அல்ல.

மேலே கையெழுத்து, கீழே தகராறு

மலேசியாவில் மிதவாத இடதுசாரிகள் நிஜமாகவே இணைந்த சம்பவம் ஒன்று உண்டு. 1955இல் அகமட் போஸ்தமாம் தொடங்கிய மக்கள் கட்சியும், 1999இல் பிறந்த தேசிய நீதிக் கட்சியும் 2003 ஆகஸ்ட் 3இல் இணைந்து இன்றைய மக்கள் நீதிக் கட்சி, அதாவது கெஅடிலான், உருவானது. மக்கள் கட்சியின் தலைவர் சையட் ஹுசின் அலி புதிய கட்சியின் துணைத் தலைவரானார். மறு ஆண்டே தேர்தல் வந்தது. 1999இல் ஐந்து இடங்கள் வைத்திருந்த கட்சிக்கு இணைப்புக்குப் பிறகு கிடைத்தது ஒரே ஒரு இடம், பெர்மாத்தாங் பாவ். இணைப்பு உடனே வாக்குகளைக் கொண்டுவரும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு வரியைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

அதோடும் முடியவில்லை. மக்கள் கட்சியின் பதிவு முறைப்படி ரத்தாகாமல் இருந்தது. இணைப்பில் மனம் ஒப்பாதவர்கள் 2005இல் ஜொகூர் பாருவில் கூடிப் பழைய கட்சிக்கே மறுபடி உயிர் கொடுத்தார்கள். முன்னின்றவர் ஹசான் அப்துல் கரிம். அவரே பிற்பாடு கெஅடிலானில் சேர்ந்து பாசிர் கூடாங் நாடாளுமன்ற உறுப்பினரானார் என்பது தனிக்கதை. இரண்டு கட்சிகளை ஒன்றாக்கப் போய், இரண்டு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தால் மறுபடியும் இரண்டு.

தலைவர்கள் கூடி முடிவெடுத்தால் போதும் என்று நினைப்பதால் வருகிற வினை இது. ஒரு தாமானில் இரண்டு கிளைகள் இருந்தால் தலைவர் இருவர், செயலாளர் இருவர், ரப்பர் முத்திரை இரண்டு, வங்கிக் கணக்கு இரண்டு. இணைப்புக்குப் பிறகு நாற்காலி ஒன்றுதான். அதுகூடப் பேசித் தீர்க்கக்கூடிய சங்கதி. தீராத சங்கதி வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்து முன்னாள் தோட்டத்தில் ஓர் அம்மா பல தேர்தல்களாக வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறார். முனை மடிந்த தாள்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள்: "மகன் சிங்கப்பூரில், முதல் நாளே ஃபோன்." "முழங்கால் வலி, கார் அனுப்பவும், காலையில் மட்டும்." "அண்ணன் தம்பி பேச்சு இல்லை, தனித்தனியாகக் கூப்பிடவும்." இணைப்பைப் பற்றி அவரிடம் கேட்டதற்கு வந்த பதில் இதுதான்: "கொடி எந்த நிறமானால் எனக்கென்ன ஐயா? இந்தப் பட்டியலை மட்டும் அந்தப் பக்கத்துச் செயலாளரிடம் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவருக்கு எங்கள் லயத்தில் ஒரு வீட்டு வாசல்கூடத் தெரியாது."

ஒரு கட்சியின் உண்மையான சொத்து அந்தப் பென்சில் குறிப்புகள்தான். தலைமையகத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அவை தானாகக் கைமாறுவதில்லை. இணைந்தே தீருவது என்றால் இரண்டு கிளைகளும் குறைந்தது ஒரு தேர்தலையாவது ஒரே நடவடிக்கை அறையில் உட்கார்ந்து சேர்ந்து நடத்தியிருக்க வேண்டும். அதற்கு முன்பு பேசும் இணைப்பெல்லாம் மேடைக்கு மட்டும்.

தொழிற்சங்கத்தை உதாரணம் காட்டுவது

பழைய தோட்டத்து ஆட்கள் இந்த வாதத்தை எடுப்பார்கள், மதிப்போடுதான் பதில் சொல்ல வேண்டும். 1954இல் தனித்தனியாகக் கிடந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இணைந்துதான் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதை நாட்டின் பெரிய சங்கங்களில் ஒன்றாக வளர்த்தார். "அன்று சங்கங்கள் சேரவில்லையா?" சேர்ந்தன. ஆனால் சங்கத்துக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் தோட்ட முதலாளிகள் என்ற ஒரே தரப்பு, பேச்சு ஒரே சம்பளத்தைப் பற்றியது. கட்சியின் கதை அப்படி இல்லை. அது மலாய்க் கம்பத்துக்கும், நகரத்துச் சீனக் கடைவீதிக்கும், நம் தாமானுக்கும், சுங்கை சிப்புட்டின் உள்காட்டில் இருக்கும் தெமியார் பூர்வக்குடி கிராமத்துக்கும் ஒரே நாளில் போய் வாக்குக் கேட்க வேண்டும். ராக்கெட்டைக் கண்டால் தயங்குகிற வாக்காளர் கண் சின்னத்துக்குத் தயங்காமல் போடுகிறார் என்றால், இரண்டு சின்னங்கள் இருப்பதில் ஒரு பயன் இருக்கிறது. இங்கே தொகுதி கெஅடிலானுக்கு ஒதுக்கப்படுவதன் பின்னணியில் இந்தக் கணக்கும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

"கொள்கை ஒன்றுதானே" என்பது

தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான். கிட்டே போனால் அப்படி இல்லை. ஜ.செ.க.வும் கெஅடிலானும் 2022 நவம்பரிலிருந்து கூட்டரசு ஆட்சியில் இருக்கின்றன. வரவு செலவுத் திட்டத்துக்குக் கை தூக்கியாக வேண்டும், நெடுங்காலம் எதிர்த்துவந்த அம்னோ கட்சியோடு ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தாக வேண்டும். சோசலிசக் கட்சி வெளியே நின்று, அரசு மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் குத்தகை முறையில் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் பேசுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கியது, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. இது போதுமா போதாதா என்று அமைச்சரிடம் உரக்கக் கேட்பதற்கு ஆளுங்கட்சியின் கிளைத் தலைவரால் முடியுமா? முடியும், ஒருமுறை. அடுத்த கட்சித் தேர்தலில் அவர் இருக்கமாட்டார்.

சின்னக் கட்சியின் பயன் அது கொடுக்கும் தொந்தரவுதான். அதைப் பெரிய கட்சிக்குள் கரைத்துவிட்டால் அந்தத் தொந்தரவும் கரைந்துபோகும்.

தலைவர்களின் ஆணவம்தான் இணைப்புக்குத் தடை என்கிற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. ஆணவம் உண்டு, எல்லாக் கட்சியிலும் உண்டு. இணைந்த கட்சியிலும் இருக்கும்.

சட்டத்தை மறந்து பேசுவது

இதை யாரும் ஒட்டுக்கடையில் பேசுவதில்லை. ஆனால் இன்றைக்கு இணைப்புப் பேச்சு முதலில் இடறி விழப்போவது இங்கேதான். கட்சிகள் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதிவானவை. தலைவர்கள் கை குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டதால் கட்சி கலைந்துவிடாது. அதன் அமைப்புச் சட்டம் சொல்லும் முறைப்படி கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டு, பதிவையும் முடித்துவைக்க வேண்டும். பதிவை அப்படியே விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2005 ஜொகூர் பாருவே சாட்சி.

அடுத்தது, 2022 அக்டோபர் 5இல் நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். அரசியலமைப்பின் 49ஏ பிரிவின்படி, ஒரு கட்சியின் சார்பில் வென்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்தக் கட்சியிலிருந்து விலகினால் தொகுதியை இழப்பார், இடைத்தேர்தல் வரும். அவருடைய கட்சி கலைக்கப்பட்டாலோ, பதிவு ரத்தானாலோ பதவி போகாது. ஆக, வரிசை முக்கியம். கட்சியை முறைப்படி கலைப்பதற்கு முன்பே உற்சாகத்தில் புதிய கட்சியின் உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொள்கிற உறுப்பினர், தன் தொகுதியை இடைத்தேர்தலுக்குத் தாரை வார்ப்பார்.

இணைப்பை ஆதரிக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்விகள். அடுத்த தேர்தலில் எந்தெந்தத் தொகுதியில் யார் விட்டுக்கொடுப்பது என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டாயிற்றா? அந்த ஒப்பந்தம் வேட்புமனுத் தாக்கலுக்கு முந்திய வாரத்தில் இல்லாமல், கிளைகளுக்கு வேலை செய்ய நேரம் இருக்கும்போதே வெளியாகுமா? 2018இல் சோசலிசக் கட்சிக்கும் பக்காத்தானுக்கும் இந்த உடன்பாடு எட்டவில்லை. எங்கள் தொகுதியில் ஒரே பக்கத்து ஆட்கள் இரு வேட்பாளர்களாக நின்றார்கள். இந்த இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் இணைப்புக்கு அவசரமே இல்லை. வராவிட்டால், தொகுதிப் பங்கீட்டுக்கே உட்கார முடியாதவர்கள் ஒரே கட்சியாகி என்ன செய்யப்போகிறார்கள்?